விழுதில் கோத்த நிரல்

கணினி தறியிலிருந்து பிறந்தது என்று மென்பொருள் துறையில் அடிக்கடி சொல்வார்கள். துளையிட்ட அட்டைகளைப் பற்றிச் சொல்லி, ஜக்கார்டின் பெயரைக் குறிப்பிட்டு, அத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். பகலெல்லாம் நிரல் எழுதிவிட்டு மாலையில் வீட்டிலுள்ள மேசைத்தறியில் துணி நெய்கிற எனக்கு இது பாதிக் கதையாகவே படுகிறது. அட்டை வருவதற்கு நெடுங்காலம் முன்பே தறிக்கு நினைவகம் இருந்தது. அது விழுதில் இருந்தது.

தறியின் வேலையை முதலில் பார்த்துவிடலாம். நீளவாக்கில் இழுத்துக் கட்டிய இழைகள் பாவு. குறுக்கே போவது ஊடை. ஊடை நூல் சுற்றிய தார், நாடாவுக்குள் இருக்கும். பாவின் ஒவ்வொரு இழையும் விழுது எனப்படும் கண்ணி வரிசைகளில் ஏதாவதொன்றின் கண்ணிக்குள் நுழைந்து, பிறகு சீப்புப் பல்லைப் போல வரிசையாக இருக்கும் அச்சின் இடுக்குகளைக் கடந்து வருகிறது. ஒரு விழுதைத் தூக்கினால் அதில் கோத்த இழைகள் மட்டும் எழும், மற்றவை கீழேயே நிற்கும். இடையில் திறக்கும் வழியில் நாடா ஓடும். அச்சால் ஊடையை அடித்து நெருக்கினால் ஒரு வரிசை முடிந்தது. சாதா நெசவுக்கு இரண்டே விழுது போதும்: ஒற்றைப்படை இழைகள் ஒன்றில், இரட்டைப்படை இழைகள் மற்றதில். குழித்தறியில் விழுதை மாற்றுவது நெசவாளரின் கால். என் மேசைத்தறியில் நான்கு விழுதுகள். அவற்றை நான்கு கைப்பிடிகள் தூக்குகின்றன.

இந்த நான்கில் ஆச்சரியம் தொடங்குகிறது. 400 பாவு இழை, 400 ஊடை வரிசை கொண்ட ஒரு துணியை எண்ணிப் பாருங்கள். இழைகள் சந்திக்கும் இடங்கள் 1,60,000. ஒவ்வொரு சந்திப்பிலும் பாவு மேலேயா, ஊடை மேலேயா என்று தீர்மானிக்க வேண்டும். ஆனால் நெய்பவர் அத்தனை முடிவுகளை எடுப்பதில்லை. அவரிடம் இருப்பது இரண்டு பட்டியல்கள்தான். எந்த இழை எந்த விழுதில் என்பது ஒன்று. எந்த வரிசைக்கு எந்தெந்த விழுது எழ வேண்டும் என்பது மற்றொன்று. கணினிக் கணக்கில் முதல் பட்டியலுக்கு 800 பிட், இரண்டாவதற்கு 1,600 பிட். ஆக 2,400 பிட்டுக்குள் 1,60,000 முடிவுகளும் அடங்கிவிடுகின்றன. இரண்டு பட்டியல்களும் சேர்ந்து துணியாவதைத் தாளில் எழுதினால், பள்ளிக் கணக்கில் படித்த அணிப் பெருக்கல்தான் வந்து நிற்கும்.

பட்டியலில் சிறிது கைவைத்தால் துணி முழுக்க மாறும். இழைகளை 1, 2, 3, 4 என்று திரும்பத் திரும்பக் கோத்து, விழுதுகளை 1-2, 2-3, 3-4, 4-1 என்று இரண்டிரண்டாகத் தூக்கினால் துணியில் சாய்கோடு ஓடும். கோத்த வரிசையைப் பாதியில் திருப்பி 1, 2, 3, 4, 3, 2, 1 என்று போட்டால் கோடு மடங்கி வளைந்து வளைந்து செல்லும். தூக்கும் வரிசையையும் அதேபோல் திருப்பினால் வைரக் கட்டங்கள் பிறக்கும். வைரத்தை யாரும் வரையவில்லை. இரண்டு பட்டியல்கள் சந்தித்ததில் அது தானாக வந்தது. வேலையில் ஒரு சின்ன நிரல் பெரிய விளைவைத் தரும்போது எனக்கு வரும் மகிழ்ச்சியும் இதே வகையைச் சேர்ந்தது.

ஆனால் நான்கு விழுதில் மயில் வராது. எல்லாவற்றையும் தூக்குவது, எதையும் தூக்காமலிருப்பது இரண்டையும் விட்டால் பயன்படக்கூடிய சேர்க்கைகள் 14 மட்டுமே. மயிலின் கழுத்துக்கும் தோகைக்கும் ஒவ்வொரு இழையும் தனித்தனியாக எழ வேண்டும். அதற்காகக் காஞ்சிபுரத்தில் ‘அடை’ கட்டினார்கள். காசியில் ‘நக்‌ஷா’ கட்டினார்கள். எந்த வரிசைக்கு எந்த இழைகள் எழ வேண்டும் என்பதை நூல் முடிச்சுகளாகவே கட்டி வைத்துவிடுவார்கள். உதவியாளர் ஒருவர் அவற்றை முறைப்படி இழுக்க, நெசவாளர் நாடாவை விடுவார். பிரான்ஸின் லியோன் நகரத்துப் பட்டுத் தறிகளிலும் அப்போது இழுப்பதற்குத் தனியாள் இருந்தார்.

அந்த ஆளின் வேலையை இயந்திரத்துக்கு மாற்றும் முயற்சி பலர் கைமாறி வந்தது. 1725-இல் பாசில் பூஷோன் துளையிட்ட காகிதச் சுருளைப் பயன்படுத்தினார். சில ஆண்டுகளில் ஃபால்கோன் அதைக் கோத்த அட்டைகளாக மாற்றினார். பின்னர் வோகான்சோன் அதைத் தானியங்கித் தறியாக்க முயன்றார். இவற்றையெல்லாம் ஒன்றுசேர்த்து 1804-இல் வேலைக்கு உகந்த வடிவம் தந்தவர் ஜோசஃப் மரி ஜக்கார்டு. அதன் இயக்கம் எளிமையானது. ஒவ்வொரு ஊடை வரிசைக்கும் ஓர் அட்டை. அட்டையை ஊசிகளின் மேல் அழுத்தும்போது, துளை உள்ள இடத்தில் ஊசி உள்ளே போய்விடும். அதன் கொக்கி நிமிர்ந்து நின்று, மேலெழும் சட்டத்தில் மாட்டிக்கொண்டு இழையைத் தூக்கும். துளை இல்லாத இடத்தில் அட்டை ஊசியைத் தள்ளிவிடும், கொக்கி விலகும், இழை எழாது. 1839-இல் ஜக்கார்டின் உருவத்தையே பட்டில் நெய்தபோது ஏறத்தாழ 24,000 அட்டைகள் தேவைப்பட்டன. அப்படிப்பட்ட ஒரு படம் கணினியின் முன்னோடி சார்லஸ் பாபேஜிடம் இருந்தது. அவர் திட்டமிட்ட பகுப்பாய்வு எந்திரமும் அட்டையால் இயங்குவதுதான்.

இதற்குப் பின் வரும் கதை பலருக்கும் தெரியும். தெரிய வேண்டிய அளவுக்குத் தெரியாதது, நிலவுக்குப் போன அப்பல்லோ கணினியின் நினைவகம். அதன் நிரல் 36,864 சொற்கள். அத்தனையும் மெல்லிய கம்பியாகக் கோக்கப்பட்டது. கம்பி காந்த வளையத்தின் உள்ளே போனால் 1, வெளியே விலகிப் போனால் 0. மாசசூசெட்ஸின் வால்தமில் இருந்த ரேதியான் ஆலையில் பெண் தொழிலாளர்கள் இதைக் கையால் கோத்தார்கள். கோத்த பிறகு திருத்துவது மிகக் கடினம் என்பதால், விண்கலம் புறப்படுவதற்கு வெகு முன்னரே நிரலை முடித்துத் தர வேண்டியிருந்தது. நிரல் எழுதியவர்களின் பெயர்களைப் புத்தகங்களில் படிக்கிறோம். கம்பி கோத்த கைகளுக்கும் அதே இடம் தரவேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அந்தக் கைகள் செய்ததும் நிரலாக்கமே.

விழுது நினைவகம் என்று முதலில் சொன்னதற்குக் காரணம், பாவு தீரும் சமயத்தில் விளங்கும். பட்டுப் பாவு ஒன்றில் ஆயிரக்கணக்கான இழைகள். ஒவ்வொரு பாவுக்கும் அவற்றை மறுபடி விழுதிலும் அச்சிலும் கோப்பதென்றால் தாங்காது. ஆகவே சேலைகள் முடிந்ததும் பழைய பாவின் நுனிகளை அச்சிலும் விழுதிலும் அப்படியே விட்டு வெட்டுகிறார்கள். புதுப் பாவின் இழைகளை அந்த நுனிகளோடு ஒவ்வொன்றாக விரலால் முறுக்கிப் பிணைக்கிறார்கள். பிறகு மெல்ல முன்னால் இழுத்தால், புது இழைகள் பழைய இழைகளின் பின்னாலேயே கண்ணிகளையும் அச்சையும் கடந்து தத்தம் இடத்துக்கு வந்துவிடும். சேலை விற்றுப் போயிருக்கும். நூலும் நிறமும் மாறியிருக்கும். எந்த இழை எந்த விழுதில் என்ற பட்டியல் மட்டும் தறியிலேயே இருக்கும்.