காற்றாலைகளின் காலடியில் சிப்பி விளைச்சல்

குமரிக் கரையோர ஊர்களில் சிப்பி எடுப்போரை அறியாதவர் இலர். கடல் தெளிந்து அமைதி கொள்ளும் நாட்களில், இடுப்பில் வலைப்பையும் கையில் உளியுமாகப் பாறையடிக்கு மூழ்கி, மூச்சடக்கி நின்று, பாறையோடு பாறையாய் ஒட்டிக் கிடக்கும் சிப்பிகளைப் பெயர்த்தெடுத்து வருவர். அவர்களுள் முதியவர் ஒருவரிடம், ஐரோப்பாவின் வடகடலில் மின்சாரத்திற்காக நடப்பட்டுள்ள காற்றாலைகளின் நடுவே சிப்பி வளர்க்க முயல்கிறார்கள் என்னும் செய்தியை அண்மையில் சொன்னேன். அவர் சிறிதும் வியப்படையவில்லை. "கடலில் எதை நட்டாலும் சிப்பி ஏறும், சாமி. பாலத்துத் தூணில் ஏறவில்லையா? துறைமுகக் கல்லில் ஏறவில்லையா?" என்றார். சற்றுப் பொறுத்து, "அது சரி, அங்கே போய் எடுக்க யாரை விடுவார்கள்?" என்று கேட்டார்.

அவர் முதலில் சொன்னது உண்மை என்பதை ஐரோப்பிய அறிஞர் பலர் ஆண்டுக் கணக்கில் ஆராய்ந்து உறுதி செய்துள்ளனர். பின்னர் கேட்ட கேள்விக்கு விடை காண்பதுதான் அங்கும் அரிதாயிருக்கிறது.

கடலில் காற்றாலைப் பண்ணை அமைக்கும் வழக்கம் 1991-ஆம் ஆண்டு டென்மார்க்கு நாட்டின் விண்டெபி என்னுமிடத்தில் தொடங்கிற்று. கரையை ஒட்டிய ஆழமற்ற நீரில் பதினொரு சிறிய காற்றாலைகளே அன்று நிறுவப்பட்டன. அவை தம் காலம் முடிந்து 2017-இல் அகற்றப்பட்டுவிட்டன. அதற்குள் வடகடல் முழுவதும் இத்தகைய பண்ணைகள் பெருகிவிட்டன. பெல்ஜியத்தை எடுத்துக்கொள்வோம். அந்நாட்டின் கடற்கரை நீளம் ஏறத்தாழ 67 கிலோமீட்டரே. தூத்துக்குடியிலிருந்து கன்னியாகுமரி செல்லும் தொலைவைக்கூட அது எட்டாது. அத்துணைச் சிறிய கடலில் 2020-ஆம் ஆண்டு முடிவதற்குள் ஒன்பது பண்ணைகளாக 399 காற்றாலைகளை நட்டுவிட்டார்கள். அவற்றின் மொத்தத் திறன் 2,262 மெகாவாட்.

காற்றாலை நட்ட இடத்தில் மீன் பிடிக்க அங்கே அனுமதியில்லை. ஒவ்வோர் அமைப்பையும் சுற்றி 500 மீட்டர் பாதுகாப்பு எல்லை வகுத்து, பராமரிப்புக் கப்பல்கள் நீங்கலாகப் பிற கலங்கள் உட்புகாதபடி தடை செய்துள்ளனர். கடலடியை வாரிச் செல்லும் இழுவைமடி கொண்டு நாக்கு மீன் பிடித்து வந்த பெல்ஜிய மீனவர், தம் கடலில் ஒரு பகுதியை இவ்வாறு இழந்தனர். அவர்கள் மீது முழு இரக்கம் கொள்வதற்கு நம் கரைமடிக்காரரும் கட்டுமரக்காரரும் சற்றுத் தயங்கக்கூடும். ஏனெனில் இழுவைமடி கடலடிக்குச் செய்யும் கேட்டை அவர்கள் தம் கண்ணாரக் கண்டவர்கள். ஆயினும் பிழைப்பு இழந்தவன் இழந்தவனே.

இவ்வாறு அடைபட்ட கடலை வாளா விடாமல் அதில் உணவு விளைவிக்கலாகாதா என்னும் எண்ணம், இந்நூற்றாண்டின் தொடக்கத்திலேயே செர்மனியில் எழுந்தது. பிரேமர்ஹாவன் நகரிலுள்ள ஆல்ஃபிரட் வேகனர் ஆய்வகத்தைச் சேர்ந்த பேலா புக் என்னும் அறிஞர், கரையிலிருந்து தொலைவான ஆழ்கடலில் சிப்பியும் கடற்பாசியும் வளர்ப்பது பற்றிப் பல்லாண்டு ஆராய்ந்தார். பின்னர் 2017-இல் பெல்ஜியத்தில் கெண்ட் பல்கலைக்கழகத்தாரும் பிறரும் கூடி, 'எடுலிஸ்' என்னும் பெயரில் ஏறத்தாழ இரண்டாண்டு நீடித்த ஒரு சோதனையைத் தொடங்கினர். நீலச்சிப்பியின் அறிவியற் பெயரிலிருந்து எடுத்த சொல் அது. இலத்தீனில் அதற்கு 'உண்ணத்தக்கது' என்று பொருள். தோர்ன்டன் மேட்டிலுள்ள சி-பவர் பண்ணையும், கரைக்கு 46 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள பெல்விண்ட் பண்ணையும் சோதனைக் களங்களாயின.

சிப்பிப் பயிர் பிற பயிர்களைப் போன்றதன்று. உழவும் இல்லை, உரமும் இல்லை, இரை போடுதலும் இல்லை. இளவேனிற் காலத்தில் சிப்பிகள் கடலில் விடும் கருக்கள் கண்ணுக்குத் தெரியாக் குஞ்சுகளாகிச் சில வாரங்கள் நீரோட்டத்தோடு அலைகின்றன. பின்னர்ப் பற்றிக்கொள்ள ஏதேனும் ஒன்றைத் தேடுகின்றன. அந்நேரம் பார்த்துச் சொரசொரப்பான கயிற்றைத் தொங்கவிட்டால், அதில் வந்து ஒட்டிக்கொள்கின்றன. தம் உடலிலிருந்து பட்டு நூல் போன்ற இழைகளைச் சுரந்து, அவ்விழைகளால் தம்மைக் கட்டிக்கொள்கின்றன. அப்பால் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு கடல்நீரை வடிகட்டி, அதிலுள்ள நுண்பாசிகளை உண்டு வளர்வதே அவற்றின் வேலை. வளர்ந்த சிப்பி ஒன்று மணிக்கு ஓரிரு லிட்டர் நீரை வடிகட்டும். ஓராண்டு அல்லது ஒன்றரை ஆண்டில் அவை விற்பனைக்குரிய பருமனை அடையும்.

இதற்கான அமைப்பும் எளியதே. கடலின் மேற்பரப்பிற்குச் சில மீட்டர் கீழே, நீளமான தடித்த கயிறு ஒன்றைக் கிடையாகக் கட்டுகிறார்கள். அதன் இரு முனைகளும் கடலடியில் நங்கூரமிடப்பட்டிருக்கும். இடையிடையே மிதவைகள் அதைத் தாங்கும். அக்கிடைக்கயிற்றிலிருந்து சிப்பி ஒட்டிய தொங்குகயிறுகள் வரிசையாக இறங்கும். காற்றாலைத் தூணில் கயிற்றைக் கட்டுவதில்லை என்பதை வாசகர்கள் மனத்திற் கொள்ளவேண்டும். காற்றாலை நிறுவனத்தார் அதற்கு இசையார். பல்லாயிரம் கிலோ எடையுள்ள சிப்பிக் கயிறு புயலில் அறுந்து தூணில் மோதினாலோ, நங்கூரம் இழுபட்டுக் கடலடி மின்வடத்தைக் கீறினாலோ யார் பொறுப்பு என்பதே அவர்தம் முதல் அச்சம். ஆகவே காற்றாலைகளுக்கிடையே உள்ள அகன்ற வெளியில்தான் பயிர்.

சோதனையின் முடிவு என்ன? சிப்பிகள் நன்கு வளர்ந்தன. சுவையிலும் சதைப்பற்றிலும் குறை காணப்படவில்லை. கரையோரக் கழிவு நீர் எட்டாத தொலைவாதலின் நீரும் தூயது. கரையருகே வளர்ந்த சிப்பிகளின் குடலில் குடியேறும் ஒட்டுண்ணிப் புழுக்கள் ஆழ்கடற் சிப்பிகளில் அரிது என்பதைச் செர்மானிய ஆய்வுகள் முன்னரே காட்டியிருந்தன. தூண்கள் துருப்பிடியாதிருக்கக் கட்டித் தொங்கவிடும் அலுமினியம், துத்தநாகக் கலப்புக் கட்டிகள் மெல்லக் கரைவதால் அவ்வுலோகம் சிப்பிக்குள் சேருமா என்னும் கேள்வி ஒன்று உண்டு. உணவுக்குச் சிப்பி வளர்ப்போர் இதை விடாது சோதித்தே தீரவேண்டும்.

உண்மையான இடர்ப்பாடு கடலின் சீற்றமும் மனிதனின் கைச்செலவும் ஆகும். குளிர்காலப் புயலில் ஐந்தாறு மீட்டர் உயரத்திற்கு அலை எழும் கடலது. உள்வளைகுடாக்களில் பயன்படும் மிதவையும் கயிறும் அங்கே தாங்கா. எனவே எல்லாம் பருத்ததாக, விலைமிக்கதாக அமையவேண்டும். கயிற்றைத் தூக்கிச் சிப்பியை உதிர்க்க வலிய பாரந்தூக்கி பொருத்திய கலம் வேண்டும். கரையிலிருந்து சென்று திரும்பவே பல மணி நேரம் செல்லும். காற்றாலைப் பராமரிப்புப் படகுகளையே சிப்பி வேலைக்கும் பயன்படுத்திச் செலவைப் பாதியாக்கலாம் என்று தொடக்கத்தில் ஏடுகளில் எழுதினார்கள். காகிதத்தில் அழகாகத்தான் இருந்தது! பராமரிப்புப் படகோ ஆட்களை விரைந்து ஏற்றிச் செல்லும் சிறு கலம். சிப்பிக் கயிற்றின் பாரத்தை அது தூக்காது. அதனினும் பெரிய தடை ஒன்று உண்டு. அலை ஒன்றரை மீட்டருக்கு மேல் எழுந்தால் காற்றாலையில் ஏறுவதே கடினம். கடல் அமைதியாயிருக்கும் சில நாட்களே பராமரிப்புக்காரனுக்கும் வேண்டும், சிப்பிக்காரனுக்கும் வேண்டும். ஒரே படகு இருவருக்கும் எவ்வாறு உதவும்? கடலறிந்த எவரையேனும் முன்னரே கேட்டிருந்தால் இதைச் சொல்லியிருப்பார்.

பெல்ஜியர் சிப்பிப் பிரியர்கள். வறுத்த உருளைக்கிழங்கோடு சிப்பி உண்பது அவர்தம் நாட்டு விருந்து. ஆயினும் அவர்கள் உண்பதில் பெரும்பகுதி அண்டை நாடான நெதர்லாந்தின் சேலண்ட் பகுதியிலிருந்து வருகிறது. ஆழமற்ற நீரில், குறைந்த செலவில் விளையும் அச்சிப்பியோடு விலையில் போட்டியிட வேண்டியதாகிறது ஆழ்கடற் சிப்பி. வளரும் என்பது மெய்ப்பிக்கப்பட்டது. வாணிபமாக ஊன்றி நிற்குமா என்பது வேறு. 2020 முதல் 2023 வரை ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியோடு 'யுனைட்டெட்' என்னும் மற்றொரு திட்டம் நடந்தது. அதில் பெல்விண்ட் பண்ணையில் ஆளியும் கடற்பாசியும், சில்ட் தீவுக்கு மேற்கே 80 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஃபினோ-3 ஆய்வு மேடையருகே சிப்பியும் கடற்பாசியும் வளர்த்துப் பார்த்தனர்.

ஆளியின் கதை தனியே சொல்லத்தக்கது. நம் மன்னார் வளைகுடாவில் முத்துப் பார்கள் இருந்தது போல, வடகடலின் அடியிலும் பரந்த ஆளிப் பார்கள் இருந்தன. கிரிம்ஸ்பி நகரைச் சேர்ந்த ஓல்சன் என்பவர் 1883-இல் வெளியிட்ட மீன்பிடி வரைபடத் தொகுதியில் அவற்றின் பரப்பைத் தெளிவாகக் காணலாம். அளவின்றி வாரியெடுத்ததாலும், இழுவைமடி கடலடியைக் கலைத்ததாலும், பின்னர் வந்த நோயாலும் அவை அழிந்தன. நெதர்லாந்துக் கடலில் 'ஆளித் தரை' என்ற இடப்பெயர் மட்டும் எஞ்சிற்று. நமக்கும் இது புதிதன்று. தூத்துக்குடியில் 1961-இல் நடந்த முத்துக்குளிப்போடு அவ்வழக்கமே நின்றுவிட்டது. பெயரும் நினைவும் மட்டும் இருக்கின்றன. இப்போது காற்றாலைப் பண்ணைகளுக்குள் இழுவைமடி புகாததால் கடலடி கலையாதிருக்கிறது. தூணைச் சுற்றிக் கொட்டப்படும் கற்களும் ஆளி பற்றுவதற்கு ஏற்றவை. ஆகவே 2018-இல் நெதர்லாந்தின் லுக்டர்டைனன் பண்ணைக்குள் உயிருள்ள ஆளிகளை இறக்கினார்கள். இது விற்பனைக்கன்று, அழிந்த பாரை மீண்டும் உண்டாக்குவதற்கு. எனக்கு இம்முயற்சியே மற்றவற்றினும் மனநிறைவு தருவதாயிருக்கிறது.

இனி, முதியவரின் கேள்விக்கு வருவோம். காற்றாலைப் பண்ணைக்குள் போக யாரை விடுகிறார்கள்? நாட்டுக்கு நாடு வேறுபாடு உண்டு. பெல்ஜியத்தில் முழுத் தடை என்று கண்டோம். நெதர்லாந்தில் 2018 முதல் சில பண்ணைகளின் ஊடே 24 மீட்டருக்கு உட்பட்ட கலங்கள் கடந்து செல்லலாம். ஆனால் கடலடியைத் தொடும் வலை கூடாது. பிரித்தானியாவில், கட்டி முடித்த பண்ணைக்குள் செல்வதற்குச் சட்டம் பொதுவாகக் குறுக்கே நிற்பதில்லை. எனினும் மின்வடத்தில் வலை சிக்கும் என்றஞ்சிப் பலர் போவதில்லை.

'மீன் பிடிக்கும் இடம் போனால் என்ன, சிப்பி வளர்க்கலாமே' என்று மீனவர்க்கு ஆறுதல் கூறுவோர் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். இழுவைப் படகுக்காரன் மறுநாளே சிப்பி உழவனாகிவிட முடியாது. படகு வேறு, தொழில் வேறு, முதலீடு வேறு. முதல் அறுவடைக்கே ஓராண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டும். காப்பீட்டுக் கட்டணமோ தனியொருவர் தாங்கும் அளவினதன்று. ஆகவே உரிமம் வழங்கும்போது பெருமுதல் உடையோர் முன்னே நிற்பர், கடலை இழந்தவர் கூலிக்கு அழைக்கப்படுவர், அதுவும் அழைக்கப்பட்டால்! வேறு வழியே இல்லையா? உண்டு. டென்மார்க்கில் கோபன்ஹேகன் நகருக்கு எதிரே மிடல்குருண்டன் என்னுமிடத்தில் 2000-ஆம் ஆண்டில் நிறுவிய இருபது காற்றாலைகளுள் பத்து, எட்டாயிரத்திற்கும் மேற்பட்ட பொதுமக்கள் பங்குதாரராயுள்ள கூட்டுறவுச் சங்கத்திற்கு உரிமையாயின. காற்றாலையையே கூட்டுறவு முறையில் வைத்துக்கொள்ள முடியுமானால், அதன் நடுவே தொங்கும் கயிற்றை மீனவர் கூட்டுறவுச் சங்கம் வைத்துக்கொள்ள முடியாதா?

இக்கேள்வி நம் கரைக்கும் தொலைவானதன்று. கடற்காற்றாலைக் கொள்கையை இந்திய அரசு 2015-இல் வெளியிட்டது. 2024 ஜூன் திங்களில், 1,000 மெகாவாட் திறனுள்ள கடற்காற்றாலைகளுக்குத் துணைசெய்ய ரூ. 7,453 கோடித் திட்டத்திற்கு நடுவண் அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அதில் 500 மெகாவாட் தமிழ்நாட்டுக் கடலுக்கு உரியது. மன்னார் வளைகுடாவின் ஆழமற்ற, காற்று மிகுந்த பகுதிகளே இதற்காக ஆராயப்பட்டவை. மீனவர் அமைப்புகள் தம் அச்சத்தைத் தெரிவித்துள்ளன.

சிப்பி வளர்ப்பிலோ நாம் யாருக்கும் பின்தங்கியவர்கள் அல்லர். நடுவண் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் 1970-களிலேயே விழிஞத்தில் கயிற்றில் சிப்பியும், தூத்துக்குடியில் ஆளியும் வளர்த்துக் காட்டினர். கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்துப் படன்னை, செறுவத்தூர்ப் பகுதிகளில் 1990-களின் பிற்பாதி தொட்டு மகளிர் குழுக்கள் காயலில் சிப்பி வளர்த்து வருகின்றன. கயிற்றைச் சுற்றிச் சிப்பிக் குஞ்சுகளை வைத்து, பருத்தித் துணியால் பொதிந்து தைக்கிறார்கள். துணி மட்கி விழுவதற்குள் குஞ்சுகள் கயிற்றைப் பற்றிக்கொள்ளும். நம் கடல் வெப்பமானதாதலின் ஐந்தாறு திங்களில் அறுவடை. தென்மேற்குப் பருவமழைக்கு முன் கயிற்றைக் கரையேற்றிவிடலாம். ஆனால் காயல் வீட்டுக் கொல்லையைப் போன்றது. மன்னார் வளைகுடாவின் திறந்த கடல் அவ்வாறன்று. ஆடிக்காற்றில் அங்கே கயிறு நிற்குமா என்பதை நம் கடலிலேயே சோதித்தறிய வேண்டுமேயன்றி, பெல்ஜியத்து முடிவைக் கொண்டு பேசலாகாது.

காற்றாலைகளுக்கு இடையே நாட்டுப்படகு கடந்து செல்லலாமா, எத்தனை மீட்டர் விலகி, தூண்டில் போடலாமா, சிப்பி வளர்க்கும் உரிமம் கரையூர்ச் சங்கங்களுக்கு முதலில் உண்டா, கயிறு அறுந்தால் காப்பீடு யார் பொறுப்பு: இவற்றை மீனவர் சங்கங்கள் இப்போதே எழுத்தில் கேட்டு, எழுத்தில் விடை பெறுதல் வேண்டும். ஐரோப்பாவில் தூண்களை நட்ட பின்னரே இவற்றைப் பேசத் தொடங்கினார்கள். நம் கடலில் இதை எழுதும் நாள்வரை ஒரு தூணும் எழவில்லை.