முந்நீர் கடந்த மகளிர்: நேட்டால் தமிழ்ப் பெண்டிர் பற்றிய சான்றுகள்

தொல்காப்பியத்து அகத்திணையியலில், கடல்வழிச் செலவு மகளிரொடு நிகழ்வதில்லை என்னும் கருத்துடைய நூற்பா ஒன்று உண்டு. உரையாசிரியர் அதற்குப் பொருள் காணும் வகையில் வேறுபடுவர். ஆயினும், தலைவன் பொருள்வயிற் பிரியத் தலைவி மனைக்கண் ஆற்றியிருத்தலே அகப்பாடல் மரபு என்பதில் ஐயமில்லை. இம்மரபில் தோய்ந்த நமக்குக் கடல் கடந்த பெண் ஒரு புறனடையாகவே தோன்றுவாள். ஆனால் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பல்லாயிரம் தமிழ்ப் பெண்டிர் கூலித் தொழிலாளராய் முந்நீர் கடந்து ஆப்பிரிக்கக் கரை சேர்ந்தனர். அவர்கள் வாழ்வை அறிய நமக்குள்ள சான்றுகள் யாவை, அவை எவற்றைக் கூறுகின்றன, எவற்றை மறைக்கின்றன என்பனவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

கப்பற் பதிவேடுகள்

சென்னையினின்று புறப்பட்ட 'ட்ரூரோ' என்னும் கப்பல் 1860 நவம்பர் 16ஆம் நாள் டர்பன் துறையை அடைந்தது. அதில் சென்றோர் 342 பேர் என்பர். அன்று தொடங்கிய ஒப்பந்தக் கூலி முறை 1911இல் நிறுத்தப்படும்வரை ஒன்றரை இலக்கத்திற்கு மேற்பட்டோர் இந்தியாவினின்று நேட்டாலுக்குச் சென்றனர். அவருள் பெரும்பகுதியினர் சென்னை மாகாணத்தார். நூறு ஆடவர்க்கு நாற்பது பெண்டிர் என்னும் அளவில் மகளிரையும் ஏற்றுதல் வேண்டும் என்பது பின்னர் விதியாயிற்று. ஆகவே பெண்ணின் செலவு தற்செயலாக நேர்ந்ததன்று. அரசு கணக்கிட்டு வகுத்தது.

ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு பதிவேடு இருந்தது. எண், பெயர், தந்தை பெயர், அகவை, சாதி, மாவட்டம், ஊர், உடல் அடையாளம் ஆகியன அதில் ஒழுங்காக எழுதப்பட்டன. எழுதியோர் நோக்கம் உழைப்பாளியைக் கணக்கில் வைத்தலேயாம். எனினும் அப்பதிவேட்டில் பெண் தன் பெயரோடும் தன் ஊரோடும் தனித்து நிற்கிறாள். இதனை நாம் நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

கூலியும் வரியும்

கரும்புத் தோட்டத்தில் ஆடவர் முதலாண்டுக் கூலி திங்களுக்கு 10 ஷில்லிங். பெண்டிர்க்கு அதிற் பாதி. உணவுப் பங்கீடும் அவர்க்குக் குறைவே. ஒப்பந்தம் முடிந்தும் நாடு திரும்பாமலும் மீண்டும் ஒப்பந்தம் செய்யாமலும் தங்குவோர் ஆண்டுதோறும் 3 பவுண் தலைவரி செலுத்துதல் வேண்டும் என 1895இல் சட்டம் இயற்றப்பட்டது. பின்னர் 16 அகவை கடந்த ஆண்மக்களும் 13 அகவை கடந்த பெண்மக்களும் அவ்வரிக்கு உட்படுத்தப்பட்டனர். 3 பவுண் என்பது 60 ஷில்லிங். திங்களுக்கு 5 ஷில்லிங் பெற்ற பெண்ணுக்கு அது ஓராண்டின் முழுக் கூலியாகும். இவ்வரியின் கொடுமையை உணர்தற்கு இக்கணக்கு ஒன்றே அமையும்.

1913ஆம் ஆண்டுப் போராட்டம்

1913 மார்ச்சுத் திங்களில் கேப் மாநில உயர்நீதிமன்ற நடுவர் சேர்ல், கிறித்தவ முறைப்படி நடவாத திருமணங்கள் செல்லா எனத் தீர்ப்பளித்தார். அத்தீர்ப்பால் இந்தியப் பெண்டிர் மனைவியர் என்னும் நிலையையே இழக்க நேர்ந்தது. அதுவரை அறப்போரில் நேரே ஈடுபடாதிருந்த மகளிர் இதன்பின் முன்வந்தனர்.

டிரான்ஸ்வாலைச் சார்ந்த பதினொரு பெண்டிர் எல்லை கடந்து நியூகாசில் நிலக்கரிச் சுரங்கப் பகுதியை அடைந்தனர். அவருட் பெரும்பாலோர் தமிழர், அறுவர் கைக்குழந்தையினர். அவர்கள் சுரங்கத் தொழிலாளரிடையே சென்று தலைவரியின் கொடுமையை எடுத்துரைக்க, வேலைநிறுத்தம் மூண்டது. அக்டோபர் 21ஆம் நாள் அவர்கள் சிறைப்படுத்தப்பட்டு, மும்மாதக் கடுங்காவல் பெற்றனர். நவம்பர் 6ஆம் நாள் தொடங்கிய நெடும்பயணத்தில் 2,037 ஆடவரும் 127 பெண்டிரும் 57 குழந்தைகளும் சென்றனர். வழியில் இரு குழந்தைகள் இறந்தன. அப்போதும் தாயர் மனந்தளராது நடந்தனர் என்று காந்தியடிகள் எழுதுகிறார். 1914இல் வந்த சட்டம் தலைவரியை நீக்கித் திருமணங்களையும் ஏற்றது.

அந்நூலில் ஒரு செய்தி நம் கருத்தை ஈர்க்கிறது. சிறை சென்ற பதினொருவர் பட்டியலில் மணமானோர் எல்லாரும் இன்னார் மனைவி என்றே குறிக்கப்படுகின்றனர். தம்பி நாயுடுவின் மனைவி வீரம்மாளும் அவ்வாறே. காந்தியடிகள் அவர்களைப் போற்றியே எழுதினார். அக்கால வழக்கு அது. எனினும் கூலியாளாகக் கணக்கிட்ட ஏடு பெண்ணின் பெயரைக் காக்க, வீராங்கனையாகப் போற்றிய ஏடு அதனைக் காவாது விட்டது என்னும் முரணை ஆய்வாளர் புறக்கணித்தல் ஆகாது.

தில்லையாடி வள்ளியம்மை தன் பெயரால் நிலைத்தவள். தில்லையாடி அவள் குடும்பத்தின் ஊர். அவள் பிறந்ததோ ஜோகன்னஸ்பர்க்கில். சிறையில் பற்றிய கடுங்காய்ச்சலோடு வெளிவந்து 1914 பெப்ருவரி 22ஆம் நாள் பதினாறாம் அகவையில் மறைந்தாள். சிறை சென்றமைக்கு வருந்துகிறாயோ என்று காந்தியடிகள் வினவியபோது, மீண்டும் செல்ல ஆயத்தம் என அவள் விடையிறுத்தாள். ஆனால் அவ்விடை அவர்தம் குஜராத்தி நூலில் இடம்பெற்று, 1928இல் ஆங்கிலமாகி வெளிவந்தது. ஒரு தமிழ்ப் பெண்ணின் சொல் பிற மொழிகளின் வழியாகவே நம்மை வந்தடைந்துள்ளது.

இலக்கியமும் இனிச் செய்வனவும்

பாரதியார் 'கரும்புத் தோட்டத்திலே' என்னும் பாடலில் பிஜித் தீவுப் பெண்டிர் துயரை உள்ளம் உருகப் பாடினார். கடல் கடந்த பெண்ணைத் தமிழ்க் கவிதைக்குள் கொணர்ந்த பெருமை அப்பாடலுக்கு உரியது. ஆனால் நேட்டால் சான்றுகள் அழுத பெண்ணோடு வேலைநிறுத்தம் மூட்டிய பெண்ணையும் காட்டுகின்றன. இவ்விருவரையும் ஒருசேரக் காணாத வரலாறு குறையுடையதே.

தன் வாழ்வைத் தானே எழுதியவர்களுள் டர்பனிற் பிறந்த மருத்துவர் கூனம் குறிப்பிடத்தக்கவர். எடின்பரோவில் மருத்துவம் பயின்று திரும்பி, 1946ஆம் ஆண்டு அறப்போரில் சிறை சென்ற அவர், 1991இல் தம் வரலாற்றைக் 'கூலி டாக்டர்' என்னும் நூலாக வெளியிட்டார். அதுவும் ஆங்கில நூலே.

ஆகவே தமிழ்த்துறைகள் ஆற்றவேண்டிய பணிகள் இரண்டு. முதலாவது, பதிவேட்டுப் பெயர்களைத் தமிழ் வடிவில் மீட்டல். ஆங்கில எழுத்தில் லகர ளகர வேறுபாடும் னகர ணகர வேறுபாடும் மறைந்துவிடுகின்றன, ஊர்ப்பெயர்களும் திரிந்துள்ளன. ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பித்தற்குப் பயன்படும் பாட ஆய்வு முறையே இதற்கும் பயன்படும். இரண்டாவது, தாலாட்டும் ஒப்பாரியும் குடும்பக் கதைகளும் எஞ்சியுள்ளனவற்றைத் தொகுத்தல். ஆனைமலை, நீலகிரித் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் பெண்டிரை அண்மையிற் காணும் கொங்குநாட்டு மாணவர், தோட்ட வாழ்வின் சொற்களை நேரிற் கேட்டறிய வல்லவர். அப்பயிற்சியோடு நேட்டால் சான்றுகளை அணுகுவாராயின், எண்ணாக நின்ற பெண்டிர் பலர் தம் பெயரும் ஊரும் பெறுவர்.