ஒன்பதாம் மாடியில் ஓர் இரவு

2003-ஆம் ஆண்டு பிப்ரவரி 21-ஆம் தேதி, தென் சீனத்துக் குவாங்சோ நகரில் இன்னதென்று விளங்காத ஒரு விஷஜுரத்திற்கு ஆளானவர்களுக்குச் சிகிச்சை செய்துவந்த லியூ ஜியான்லுன் என்னும் 64 வயது வைத்தியர், ஒரு கல்யாணத்தை முன்னிட்டு ஹாங்காங் வந்து, மெட்ரோபோல் ஹோட்டலின் ஒன்பதாம் மாடியில் தங்கினார். மறுநாளே அவரை ஆஸ்பத்திரியில் சேர்க்க நேர்ந்தது. ஆனால் அந்த ஓர் இரவுக்குள் ஹோட்டலில் இருந்த ஒரு டஜனுக்கும் மேற்பட்டோரை நோய் பற்றிக்கொண்டுவிட்டது. உடலில் புகுந்த கிருமி தலைகாட்ட இரண்டு முதல் பத்து நாள் வரை ஆகுமாதலால், அவர்கள் யாதொரு சந்தேகமுமின்றி விமானமேறி ஹனோய்க்கும் சிங்கப்பூருக்கும் டொரன்டோவுக்கும் அதைக் கொண்டு சேர்த்தார்கள்.

ஹனோயில் உலக சுகாதார ஸ்தாபனத்தின் சார்பில் பணியாற்றிய இத்தாலிய வைத்தியர் கார்லோ உர்பானி, தம்மை அழைத்துக் காட்டிய நோயாளியைக் கண்டதுமே இது சாதாரண நிமோனியா அன்று என்று ஊகித்து, தினந்தோறும் அந்த ஆஸ்பத்திரிக்குச் சென்று மாதிரிகளைச் சேகரித்து, நோயுற்றோரைப் பிரித்துவைக்கும்படி வற்புறுத்தி, தலைமையகத்திற்கும் எச்சரிக்கை விடுத்தார். மார்ச் 12-ஆம் தேதி உலகமே உஷார்ப்படுத்தப்பட்டது; சில நாளில் நோய்க்கு ஸார்ஸ் என்று பெயரும் பிறந்தது.

கிருமி எது? பறவைக் காய்ச்சல் என்றனர் சிலர்; கிளமிடியா என்னும் பாக்டீரியா என்றனர் வேறு சிலர். இலங்கையில் பிறந்து பேராதனையில் வைத்தியம் பயின்ற மாலிக் பீரிஸின் தலைமையில் ஹாங்காங் பல்கலைக்கழகத்தார், நோயாளியின் நுரையீரலிலிருந்து எடுத்ததைக் குரங்கின் சிறுநீரக அணுக்களில் வளர்த்து ஒரு வைரஸைக் கண்டார்கள். ஆயின் ஒரு கிருமி அகப்பட்டது என்பதனாலேயே அதுதான் குற்றவாளி என்று தீர்த்துவிடலாகாதல்லவா? சாட்சி சொன்னது நோயாளிகளின் இரத்தமே. நோய் கண்ட புதிதில் எடுத்த இரத்தத்தில் காணாத எதிர்ப்பொருள், சில வாரம் கழித்து அதே மனிதரிடம் எடுத்த இரத்தத்தில் தோன்றி அந்த வைரஸை இனங்கண்டு பற்றியது. நோயற்றவர்களின் இரத்தமோ அதை அறியவேயில்லை. வைத்திய சாஸ்திரத்தில் இதனினும் அழகிய நிரூபணம் அரிது என்பது என் எண்ணம். மகுடம் போன்ற வடிவுடைய கொரோனா வைரஸ் வகையைச் சேர்ந்த அதுவே காரணமென்பது, ராட்டர்டாமில் குரங்குகளிடம் செய்த பரீட்சையாலும் உறுதிப்பட்டு, ஏப்ரல் 16-ஆம் தேதி அறிவிக்கப்பட்டது.

ஸார்ஸ் நோயாளியிடம் வைரஸ் மிகுந்திருப்பது ஜுரம் கண்டவுடன் அன்று, இரண்டாம் வாரத்தில்தான். அதற்குள் அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பார். நோயுற்ற 8,096 பேரில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் வைத்தியரும் தாதியருமாகவே இருந்த பரிதாபத்திற்குக் காரணம் இதுவே. தடுப்பூசியில்லாமலே, பிரித்துவைத்தலாலும் முகமூடியாலும் ஜூலை 5-க்குள் நோயை அடக்க முடிந்ததற்கும் இதுவே காரணம். இறந்தோர் 774 பேர். அவர்களுள் உர்பானியும் ஒருவர். மார்ச் 29-ஆம் தேதி பாங்காக்கில், தம் 46-ஆம் வயதில் அவர் உயிர் பிரிந்தது. சரியாக ஒரு மாதம் ஆவதற்குள், ஸார்ஸைக் கட்டுப்படுத்திய முதல் நாடென்று வியட்நாம் அறிவிக்கப்பட்டது.