இருட்டறைக்கு வெளியே சில விளக்குகள்

கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதால்தான் பார்க்கிறோம் என்று கிரேக்க அறிஞர்களான யூக்ளிடும் தாலமியும் வடிவியல் கணக்கோடு எழுதி வைத்திருந்தார்கள். சுமார் 965இல் பாஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் குடியேறிய இப்னு அல்-ஹைதம் அதை மறுத்தார். கடும் ஒளியைப் பார்த்தால் கண் வலிக்கிறது. பார்வையைத் திருப்பிய பிறகும் அதன் தடம் சற்றுநேரம் தங்குகிறது. ஆகவே வெளியிலிருந்து ஏதோ கண்ணுக்குள் வந்து அதைத் தாக்குகிறது. அதுதான் ஒளி என்றார்.

இத்தோடு நின்றிருந்தால் அவரும் பத்தோடு பதினொன்று. பொருளிலிருந்தே ஏதோ கண்ணுக்கு வருகிறது என்றவர்கள் கிரேக்கத்திலேயே இருந்தார்கள். தன் கொள்கையைக் கவிழ்க்கக்கூடிய கேள்வியை அவரே எழுப்பிக்கொண்டார். அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. பொருளின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஒளி எல்லாத் திசையிலும் பரவுகிறது. அப்படியானால் கண்ணின் ஒவ்வோர் இடத்திலும் எல்லாப் புள்ளிகளின் ஒளியும் வந்து விழுமே! எதிரே இருக்கும் முகமும் சுவரும் வானமும் ஒன்றாகக் குழம்பாமல் தனித்தனியே தெரிவது எப்படி?

முதலில், சிறிய இடத்தில் சந்திக்கும் ஒளிகள் கலந்துவிடுகின்றனவா என்று சோதித்தார். இருட்டறையின் சிறு துளைக்கு வெளியே பல விளக்குகளை வெவ்வேறு இடங்களில் வைத்தார். எத்தனை விளக்குகளோ அத்தனை ஒளித்திட்டுகள் உள்ளே விழுந்தன. ஒரு விளக்கை மறைத்ததும், அதிலிருந்து துளை வழியே செல்லும் நேர்கோட்டில் இருந்த திட்டு மட்டும் மறைந்தது. மறைப்பை விலக்கியதும் திரும்ப வந்தது. ஒரே துளைக்குள் புகுந்தும் ஒளிகள் கலக்கவில்லை! விளக்கும் துளையும் சுவரும் போதும், எவரும் செய்து பார்த்து ஒப்புக்கொள்ளவோ மறுக்கவோ முடிகிற சோதனை இது.

மூலக் கேள்விக்கும் விடை சொன்னார். கண்ணின் பரப்பில் செங்குத்தாக விழும் கதிர் மட்டும் வளையாமல் உள்ளே செல்கிறது, மற்றவை விலகி வலுவிழக்கின்றன, அதனால் புள்ளிக்கு ஒரு கதிரே பார்வைக்குப் பயன்படுகிறது என்றார். இந்த விடை சரியல்ல. விலகிய கதிர்களும் வில்லையால் குவிக்கப்பட்டு விழித்திரையில் தலைகீழ் பிம்பமாகின்றன என்று 1604இல் வானியலாளர் கெப்ளர் விளக்கினார். ஆனால் கெப்ளர் தீர்த்தது இப்னு அல்-ஹைதம் எழுப்பிய அதே சிக்கலைத்தான்.

அந்தச் சிக்கல் கெப்ளரை எட்டியது நூல்கள் வழியே. ஏழு பகுதிகள் கொண்ட இப்னு அல்-ஹைதமின் ஒளியியல் நூலான ‘கிதாப் அல்-மனாழிர்’ 1200ஐ ஒட்டி லத்தீனுக்குப் போனது. அதைப் பெரிதும் பின்பற்றி 13ஆம் நூற்றாண்டில் விட்டெலோ ஒளியியல் நூல் எழுதினார். கெப்ளர் தம் 1604ஆம் ஆண்டு நூலுக்கு வைத்த தலைப்பே, அது விட்டெலோவின் நூலுக்கு எழுதிய சேர்க்கை என்று சொல்கிறது.