பதினோரு சதவீத லாபத்தின் ஊற்று

பன்னாட்டு வங்கியியலை முதுநிலையில் படிக்க டென்மார்க் செல்லும் மாணவருக்கு அந்த நாட்டின் மிகப் பெரிய வங்கியே ஒரு பாடம். டான்ஸ்கே வங்கி 2007இல் பின்லாந்தின் சாம்போ வங்கியை வாங்கியபோது, அதன் எஸ்தோனியக் கிளையும் சேர்ந்து வந்தது. 2011இல் டான்ஸ்கேயின் மொத்தச் சொத்தில் அந்தக் கிளையின் பங்கு வெறும் அரை சதவீதம். வரிக்கு முந்தைய லாபத்திலோ 11 சதவீதம். வகுப்பறை அளவுகோல்களின்படி அது முன்மாதிரிக் கிளை. ஆனால் அந்த லாபம் பெரும்பாலும் ரஷ்யா முதலிய நாடுகளைச் சேர்ந்த வாடிக்கையாளர்களின் கணக்குகளிலிருந்து வந்தது. 2007 முதல் 2015 வரை அவற்றின் வழியே ஏறத்தாழ 20,000 கோடி யூரோ ஓடியதாக, வங்கி அமர்த்திய வழக்கறிஞர்களின் அறிக்கை 2018 செப்டம்பரில் சொன்னது. எஸ்தோனியாவின் ஓராண்டு உள்நாட்டு உற்பத்தியைப் போல் அது சுமார் பத்து மடங்கு. லாபத்தை அளக்கக் கற்பவர் அதன் ஊற்றைத் தேடவும் கற்க வேண்டும். முதுநிலைப் படிப்பின் நடுப்பாடமே அதுதான் என்பது என் வாதம்.

பணமோசடிக் குற்றத்தைத் துப்பறிவது சட்டம் படித்தவர்களின் வேலை, நிதி மாணவருக்கு அதில் என்ன என்று கேட்கலாம். ஆனால் எஸ்தோனியக் கிளை பற்றி 2013இல் வங்கிக்குள் எச்சரித்த ஹோவர்ட் வில்கின்சன் வழக்கறிஞர் அல்லர். வங்கியின் பால்டிக் பகுதி வர்த்தகப் பிரிவுக்குத் தலைமை தாங்கியவர். பிரிட்டனில் பதிவான ஒரு வாடிக்கையாளர் நிறுவனம், தான் இயங்கவே இல்லை என்று அங்கே கணக்குக் காட்டியிருந்தது. அதே நிறுவனத்தின் பெரும் பணம் இந்தக் கிளையில் புழங்கியது. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்ததுதான் அவர் செய்தது. எந்த நிதி மாணவருக்கும் கைவரக்கூடிய வேலை அது. கோபன்ஹேகன் தலைமையகத்துக்கு அது எளிதாக இல்லை. கிளையின் கணினி அமைப்பு தனியாக இருந்தது. ஆவணங்கள் பல எஸ்தோனிய, ரஷ்ய மொழிகளில் இருந்தன. எல்லை தாண்டிய வங்கித்தொழிலில் இடர் பெரும்பாலும் இப்படிப்பட்ட இடைவெளிகளில்தான் குடியிருக்கிறது. எந்தக் கணித மாதிரியிலும் அதற்கென்று ஒரு மாறி இல்லை.

இன்னொரு மறுப்பு கனமானது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்கள் டென்மார்க்கில் 2006 முதல் கல்விக் கட்டணம் செலுத்துகிறார்கள். கடன் வாங்கிப் படிக்கும் நம் பிள்ளைகள் வேலை தரும் கணிதத்தை விட்டுவிட முடியாது. விட வேண்டும் என்று நானும் சொல்லவில்லை. ஆனால் வேலைச் சந்தையும் மாறியிருக்கிறது. அமெரிக்க நீதிமன்றத்தில் 2022 டிசம்பரில் குற்றத்தை ஒப்புக்கொண்ட டான்ஸ்கே, 200 கோடி டாலருக்கு மேல் செலுத்த இசைந்தது. தலைமை நிர்வாகி தாமஸ் போர்கன் 2018இலேயே பதவி இழந்திருந்தார். பணமோசடித் தடுப்புக்கென்று அந்த வங்கி ஆயிரக்கணக்கானோரை அமர்த்த நேர்ந்தது.

கோபன்ஹேகன் வணிகப் பள்ளியிலும் ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்திலும் முதுநிலை இரண்டாண்டுப் படிப்பு; கடைசி அரையாண்டு ஆய்வேட்டுக்கு உரியது. அங்கே செல்லும் தமிழ் மாணவர்கள் அந்த ஆறு மாதத்தில் ஏதாவது ஒரு வங்கியின் வெளிநாட்டுக் கிளையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் லாபம் யாருடைய பணத்திலிருந்து வந்தது என்பதை முதல் அத்தியாயமாக எழுதுங்கள்.