கடலுக்கும் உண்டு முறைத்தண்ணீர்

ஏரிப் பாசனத்தில் முறைத்தண்ணீர் என்றால் என்ன என்று நம் செங்கல்பட்டு உழவருக்கு யாரும் விளக்க வேண்டாம். மழை பொய்த்த வருசம் ஊர் கூடிப் பேசும். இன்னிக்கு மேல்மடைக்கு, நாளைக்குக் கடைமடைக்கு என்று முறை வைக்கும். ராத்திரியில் திருட்டுத்தனமா மடையைத் திறந்தவன் காலையில் ஊர் முன்னால் நிற்கணும். இதே ஏற்பாடு கடலிலும் இருக்கிறது என்பது எனக்கு ரொம்ப நாள் தெரியாது. அணுபுரம் குடியிருப்புக்குக் காய்கறி கொண்டு போகிற வழியில், மீன் அமிலம் போடக் கழிவு வாங்கலாம் என்று சதுரங்கப்பட்டினம் குப்பத்தில் நின்றபோதுதான் ஒரு பெரியவர் சொன்னார்: "உங்க ஏரிக்குக் கரை இருக்குது தம்பி. எங்க கடலுக்கு அது கூட இல்ல. அப்ப கட்டுப்பாடு யாருக்கு அதிகம் வேணும், சொல்லு?"

அந்தக் கட்டுப்பாட்டுக்கு நல்ல எடுத்துக்காட்டு வடக்கே பழவேற்காட்டில் இருக்கிறது. அங்கே அதன் பெயர் 'பாடு'. மீன்பாடு என்று பிடிபட்டதைச் சொல்வோமே, அதே சொல்தான். மீன் பிடிக்கிற இடத்துக்கும் முறைக்கும் ஆகி வந்திருக்கிறது. ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில்தான் இறால் ஏற்ற வற்றத்தோடு போய் வரும். எல்லாரும் அங்கேயே வலை கட்டினால் அடிதடிதான் மிஞ்சும். அதனால் தலைக்கட்டு உள்ள குடும்பங்கள் கூடி, எந்த இடத்தில் யார், எந்த நாளில் என்று குலுக்கல் போட்டு முறை வைத்துக்கொள்கிறார்கள். நல்ல இடம் கிடைத்தவனுக்கு அடுத்த முறை சுமாரான இடம் வரும். குறை இல்லாத முறை என்று சொல்ல மாட்டேன். தலைக்கட்டு இல்லாதவருக்கும், ஏரியை நம்பியிருக்கும் மற்ற சமூகத்தாருக்கும் இதில் இடமில்லை, அதனால் சண்டையும் வந்திருக்கிறது. ஆனால் இடத்துக்கும் நாளுக்கும் ஒரு வரம்பு உண்டு என்ற எண்ணம் அந்தத் தண்ணீரில் இன்னும் இருக்கிறது.

நம் பக்கம், கோவளத்திலிருந்து மாமல்லபுரம் தாண்டிப் பாலாற்று முகத்துவாரம் வரை, ஏரி கிடையாது, திறந்த கடல். இங்கே கட்டுப்பாடு வேறு மாதிரி. பெரியவலை என்கிற கரைவலையை எடுத்துக்கொள்ளுங்கள். படகில் போய் வலையை அரைவட்டமாக விட்டுவிட்டு, இரண்டு பக்கக் கயிற்றையும் ஒரு கூட்டமே கரையில் நின்று இழுக்கும். கிடைத்ததில் வலைக்கு, படகுக்கு, இழுத்தவனுக்கு என்று பங்கு பிரிப்பார்கள். ஒரு வலை கடலில் இருக்கும்போது அதன் குறுக்கே இன்னொரு வலை விடக்கூடாது. தெற்கேயிருந்து ஓடும் நீரோட்டத்துக்குத் தெண்டி, வடக்கேயிருந்து வருவதற்கு வன்னி என்று பெயர். இதைப் பார்க்காமல் வலையை இறக்க மாட்டார்கள். நாம் ஆடிப்பட்டம், தைப்பட்டம் பார்க்கிற மாதிரிதான்.

அரசும் ஒரு வரம்பு வைத்தது. 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கரையை ஒட்டிய கடலைக் கட்டுமரக்காரருக்கு ஒதுக்கி, இயந்திரப் படகுகளை 3 கடல் மைலுக்கு வெளியே போகச் சொன்னது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். மீன் முட்டையிட்டுப் பெருக விடும் நாட்கள் அவை. நம் பாஷையில் சொன்னால் நிலத்தைத் தரிசு போடுவது.

இதுக்கும் சுற்றுலாவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். பெரியவலை இழுக்க நீளமான மணல் வேணும். படகு ஏற்ற, வலை உலர்த்த, கருவாடு காயவைக்க மணல் வேணும். கிழக்குக் கடற்கரைச் சாலை வந்த பிறகு அந்த மணல்தான் விலை போகிறது. விடுதிக்காரர் நாற்காலி போடும் இடமும் மீன்காரம்மா கருவாடு கொட்டும் இடமும் ஒரே இடம். 1991 கடற்கரை ஒழுங்குமுறை அறிவிப்பு, ஊர்ப்புறக் கடற்கரையில் அலையேற்றக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குப் புதுக் கட்டடம் கூடாது என்றது. 2019 ஜனவரியில் வந்த புதிய அறிவிப்பு, மக்கள்தொகை அடர்ந்த ஊர்ப்புறத்தில் அதை 50 மீட்டராகச் சுருக்கிவிட்டது. கடற்கரையிலேயே தற்காலிகச் சுற்றுலாக் கொட்டகைகளுக்கும் இடம் கொடுத்தது. 'தற்காலிகம்' எத்தனை வருசம் நிற்கும் என்பது நமக்குத் தெரியாததா!

சுற்றுலாவே கெடுதல் என்று சொல்லவில்லை. கோவளத்தில் மீனவ இளைஞர்கள் அலைச்சறுக்கு கற்றுக்கொடுத்துச் சம்பாதிக்கிறார்கள். அந்தக் கடற்கரைக்கு 2021இல் நீலக்கொடிச் சான்றும் கிடைத்தது. கேள்வி, வருகிறவன் யாரிடம் அனுமதி கேட்கிறான் என்பதுதான்.

இந்தக் கேள்விக்குப் பிஜித் தீவுக்காரர்கள் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். 1903 முதல் நம் சென்னைத் துறைமுகத்திலிருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கப்பல் ஏறினார்களே, பாரதி பாடினாரே, அதே பிஜிதான். அங்கே கரையோரக் கடல் சுமார் 410 பங்குகளாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் ஒரு குலத்தின் மீன்பிடி உரிமையாகப் பதிவாகியிருக்கிறது. 'கோலிகோலி' என்பார்கள். தலைவர் இறந்தால் கடலின் ஒரு பகுதியை மூடிவிடுவார்கள். அதன் பெயர் 'தம்பு'. வழக்கமாக 100 இரவுகள். பிறகு திறந்து, கிடைக்கிற மீனில் ஊருக்கே விருந்து. உசுனிவனுவா என்ற ஊர் 1997இல் இந்தப் பழைய வழக்கத்தையே கையில் எடுத்து, சிப்பி குறைந்துபோன 24 ஹெக்டேர் சேற்றுத்தரையை மூடியது. சில வருசத்தில் உள்ளேயும் பக்கத்திலேயும் சிப்பி பெருகியது. அதைப் பார்த்து மற்ற ஊர்களும் மூட ஆரம்பித்தன.

வெளியூர்க்காரன் அந்த ஊருக்குள் போகணும்னா முதலில் தலைவர் முன்னால் 'காவா' வேரை வைத்து அனுமதி கேட்கணும். கேட்காமல் கடலில் இறங்குவது மரியாதைக்குறைவு. இதை வைத்தே அங்குள்ள பல கிராமங்கள் சுற்றுலாவைத் தங்கள் பேச்சுக்குள் வைத்திருக்கின்றன.

நம் குப்பங்களிலும் ஊர்ப் பஞ்சாயத்து இருக்கிறது, நாட்டார் இருக்கிறார்கள். ஆனால் விடுதிக்கு அனுமதி கொடுக்கும் மேசையில் அவர்களுக்கு நாற்காலி இல்லை. கடற்கரை மேலாண்மை வரைபடத்தில் வலை உலர்த்தும் இடம், படகேற்றும் இடம், மீனவர் குடியிருப்பு விரிவாக்கம் எல்லாம் குறிக்கப்பட வேண்டும். வரைபடத்தில் இல்லாத மணலை நாளைக்கு யாரும் காலி மனை என்பார்கள். கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்கும்போது உழவர் சங்கத்தாரும் போய் உட்கார்ந்தால் நல்லது. ஏரிப் புறம்போக்கு எப்படிப் போனது என்று நம்மைவிடத் தெரிந்தவர் யார்?

கடைசியாக, கழிவு வாங்குகிறவர்களுக்கு. காலையில் படகு கரையேறும் நேரத்துக்குப் போய், மீன் வெட்டும் அம்மாக்களிடம் காசு கொடுத்து வாங்குங்கள். சும்மா அள்ளிக்கொண்டு வராதீர்கள். உப்புப் போட்டது வேண்டாம். கழிவும் வெல்லமும் சம எடை, மூடி இறுக்கமான டப்பாவில் 21 நாள். 10 லிட்டர் தண்ணீருக்கு 100 மில்லி போதும். தடைக்காலத்தில் பெரிய படகு வராது, கழிவு குறைவாகத்தான் கிடைக்கும். அதனால் பங்குனிக்குள்ளேயே போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.