சொன்னதை மட்டும் சொல்லாத கிளி

அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஊடக ஆய்வகத்துக்கு ஒரு நாள் விருந்தினர்கள் வந்திருந்தார்கள். ஆய்வுக்குப் பணம் தருகிற நிறுவனத்தார். அவர்கள் முன்னால் சாம்பல் நிறக் கிளி ஒன்று உட்கார்ந்திருந்தது. தட்டில், பிரிட்ஜ் கதவில் ஒட்டி விளையாடும் வண்ண எழுத்துகள்.

"நீல எழுத்துக்கு என்ன ஒலி?" என்று கேட்டார் ஆய்வாளர் ஐரீன் பெப்பர்பெர்க்.

"ஸ்ஸ்" என்றது கிளி. அது எஸ் என்ற எழுத்து. சரியான விடை. உடனே, "வான்ட் எ நட்" என்று கூலியும் கேட்டது. நட் என்றால் கொட்டைப் பருப்பு. நேரம் குறைவாக இருந்ததால், பொறு, பிறகு தருகிறேன் என்று பெப்பர்பெர்க் அடுத்த எழுத்துக்குப் போனார். அதற்கும் சரியான விடை. மறுபடியும் "வான்ட் எ நட்". மறுபடியும் பொறு. இப்படியே சில முறை நடந்தது. கடைசியில் கிளி கண்ணைச் சுருக்கி அவரையே பார்த்துச் சொன்னது: "வான்ட் எ நட். ந்ந்... அ... ட்."

அந்தச் சொல்லை இப்படி ஒலி ஒலியாகப் பிரித்துச் சொல்ல யாரும் அதைப் பழக்கியதில்லை. தட்டில் இருந்த எழுத்துகளுக்குத் தனித்தனி ஒலி உண்டு என்பதுதான் பாடம். தனக்கு வேண்டிய பொருளின் பெயரை அந்தப் பாடத்தில் போட்டுப் பார்த்தது கிளியின் சொந்த வேலை.

புரியாமல் ஒப்பிக்கிற பையனைக் 'கிளிப்பிள்ளை' என்று நாம் சொல்லிவிடுகிறோம். ஆண்டாள் தோளிலும் மீனாட்சி கையிலும் கிளியை வைத்துக் கும்பிடுகிற நாடு. கிளியைத் தூது அனுப்பிப் பாட்டெழுதிய மொழி. இருந்தும் அதன் பேச்சுக்கு மட்டும் அர்த்தமில்லை என்று தீர்ப்பெழுதி வைத்திருக்கிறோம். அலெக்ஸ் என்ற அந்தச் சாம்பல் கிளியின் முப்பது ஆண்டு வாழ்க்கை அந்தத் தீர்ப்பைத் திருத்தி எழுதச் சொல்கிறது.

1977-ல் சிகாகோ பகுதியில், செல்லப் பிராணிகள் விற்கும் ஒரு கடையில் வாங்கப்பட்டது அலெக்ஸ். வயது ஒன்று இருக்கும். பெப்பர்பெர்க் தானாக எதையும் பொறுக்கி எடுக்கவில்லை. ஏதாவது ஒன்றைப் பிடித்துக் கொடுங்கள் என்று கடைக்காரரிடமே விட்டுவிட்டார். கெட்டிக்காரக் கிளியாகப் பார்த்து வாங்கினார் என்று பின்னால் யாரும் சொல்லிவிடக் கூடாது என்ற எச்சரிக்கை. ஹார்வர்டில் வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கிய கையோடு, படித்த துறையை விட்டுவிட்டுப் பறவையின் பக்கம் வந்தவர் அவர். வந்த நேரமும் நல்ல நேரமில்லை. சிம்பன்சிகளுக்குச் சைகை மொழி கற்பித்த ஆய்வுகள் மீதே அப்போது சந்தேகம் கிளம்பியிருந்தது. ஹான்ஸ் குதிரையின் கதையும் விஞ்ஞானிகள் மனதில் இருந்தது. கணக்குப் போடுவதாகப் பெர்லினில் புகழ்பெற்ற அந்தக் குதிரை, உண்மையில் கேள்வி கேட்பவரின் முகத்தையும் உடம்பையும் பார்த்தே குளம்புத் தட்டலை நிறுத்துகிறது என்று 1907-ல் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் கண்டுபிடித்துச் சொன்னார். குதிரையே அப்படியென்றால், வால்நட் அளவு மூளையுள்ள பறவையை யார் நம்புவார்கள்?

கற்பித்த முறையில்தான் விஷயம் இருக்கிறது. ஜெர்மானிய ஆய்வாளர் டீட்மார் டோட் வகுத்த ஒரு வழியைப் பெப்பர்பெர்க் தன் தேவைக்கு மாற்றிக்கொண்டார். கிளிக்கு நேராகப் பாடம் நடத்துவதில்லை. அதன் எதிரில் இரண்டு பேர் உட்காருவார்கள். ஒருவர் கையில் தக்கை. "இது என்ன?" என்பார். மற்றவர் "தக்கை" என்றால் தக்கை அவர் கைக்குப் போகும்; அவர் அதை ஆசையாகப் புரட்டிப் பார்ப்பார். தப்பாகச் சொன்னால் திட்டு விழும், தக்கை மறைந்துவிடும். பிறகு கேட்டவர் பதில் சொல்பவராவார், சொன்னவர் கேட்பவராவார். கிளி இதையெல்லாம் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். தனக்கும் அது வேண்டும் என்ற ஆசையில் நடுவே புகுந்து சொல்ல முயலும். கிட்டத்தட்டச் சரியாகச் சொன்னால் கிடைப்பது தின்பண்டமில்லை, தக்கையேதான். சொன்ன சொல்லும் கிடைத்த பொருளும் ஒன்று. நம் வீட்டில் அக்காவும் அம்மாவும் பேசுவதைப் பார்த்து மடியிலிருக்கும் குழந்தை பேசக் கற்பதும் இந்த வழியில்தானே!

இதே சொற்களை ஒலிநாடாவில் போட்டும், வீடியோவில் காட்டியும் வேறு சாம்பல் கிளிகளிடம் சோதித்தார்கள். அவை கற்கவில்லை. என்னைப் பொறுத்தவரை இந்த ஆராய்ச்சி முழுவதிலும் முக்கியமான முடிவு இதுதான். காதில் விழுந்தால் மட்டும் போதாது. சொல்லை ஒருவர் இன்னொருவரிடம் சொல்லிக் காரியம் நடப்பதைக் கிளி பார்க்க வேண்டும்.

அலெக்ஸ் சுமார் 50 பொருள்களின் பெயரையும், ஏழு நிறங்களையும், ஐந்து வடிவங்களையும் கற்றது. இரண்டு பொருள்களைக் காட்டி "எதில் வேறுபாடு?" என்றால் நிறம், வடிவம், செய்பொருள் என்று சொல்லும். வேறுபாடே இல்லையென்றால் "நன்" என்னும். ஒன்றுமில்லை என்று அர்த்தம். அதற்கு முன் பார்த்தேயிராத பொருள்களைக் கொடுத்தாலும் நூற்றுக்கு எண்பதுக்குப் பக்கத்தில் சரியாகச் சொன்னது. ஹான்ஸின் குறை வந்துவிடாதபடி, பழக்கியவர் ஒருவர், சோதிப்பவர் வேறொருவர் என்று மாற்றிப் பார்த்தார்கள்.

அந்த "நன்" என்ற சொல் பின்னொரு நாள் எல்லோரையும் திகைக்க வைத்தது. தட்டில் இரண்டு, மூன்று, ஆறு என மூன்று கூட்டமாக வண்ணக் கட்டைகள். "மூன்றாக இருப்பது என்ன நிறம்?" என்று கேட்டால் அலெக்ஸ் "ஐந்து" என்றது. திரும்பக் கேட்டாலும் "ஐந்து". தட்டில் ஐந்தே இல்லை. பொறுமை இழந்த பெப்பர்பெர்க், "சரி, ஐந்து என்ன நிறம்?" என்றார். "நன்" என்றது. வேறுபாடு இல்லை என்பதற்குக் கற்ற சொல்லை, எண்ணிக்கையில் ஒன்றும் இல்லை என்பதற்கு அது தானாக எடுத்து வைத்தது. அந்தக் கேள்வியைத் தன்னிடம் கேட்கவைத்ததே அதுதானோ என்றுகூடத் தோன்றும்.

இதை மொழி என்று சொல்லலாமா? பெப்பர்பெர்க்கே அப்படிச் சொல்லத் தயங்கினார். இருவழித் தொடர்பு என்றுதான் எழுதினார். நேற்று நடந்ததை அலெக்ஸ் கதையாகச் சொன்னதில்லை. வாக்கியத்துக்குள் வாக்கியம் அடுக்கியதில்லை. ஒற்றைப் பறவையை வைத்துக் கிளி இனம் முழுவதையும் பேசக் கூடாது என்ற விமர்சனமும் நியாயமானது. ஆனால் வாழைப்பழம் கேட்டுப் பருப்பு கிடைத்தால், அதைத் தூக்கி எறிந்துவிட்டு மறுபடியும் வாழைப்பழமே கேட்கும் பறவையை ஒப்பிக்கும் பறவை என்று சொல்லிவிட முடியாது. எத்தனை சொல் தெரியும் என்பதும் சரியான அளவுகோலில்லை. கலிபோர்னியாவில் பக் என்ற சிறிய பட்ஜி கிளிக்கு 1,728 சொற்கள் தெரியும் என்று கின்னஸ் பதிவு செய்திருக்கிறது. அலெக்ஸுக்குத் தெரிந்தது அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. பேசப்பட வேண்டியது அந்தச் சொற்களை வைத்து அது என்ன செய்தது என்பதே.

உதடு இல்லாத பறவை எப்படிப் பேசுகிறது? நமக்குக் குரல் தொண்டையில் பிறக்கிறது. பறவைகளுக்கு மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் அடியில், நெஞ்சுக்குள் பிறக்கிறது. அந்த ஒலியைத் தடித்த, சதைப்பற்றான நாக்கை அசைத்துக் கிளி உருமாற்றுகிறது. நாக்கைக் கொஞ்சம் நகர்த்தினாலே ஒலி மாறுகிறது என்று 2004-ல் மங்க் கிளிகளை வைத்து நடந்த ஆய்வு காட்டியது. மூளையின் கதை இன்னும் வியப்பானது. ஒலியைக் கேட்டுக் கற்கும் பகுதி பாடும் பறவைகளுக்கும் தேன்சிட்டு அளவேயான ஹம்மிங் பறவைகளுக்கும் உண்டு. கிளிகளுக்கோ அந்தப் பகுதியைச் சுற்றி ஓடுபோல இன்னோர் அடுக்கும் இருப்பதை 2015-ல் எரிக் ஜார்விஸ் குழுவினர் கண்டார்கள். நியூசிலாந்தின் கியா கிளிக்கும் அது இருப்பதால், ஏறக்குறைய 2 கோடியே 90 லட்சம் ஆண்டு முன்பே இந்த ஏற்பாடு தோன்றியிருக்க வேண்டும். மறு ஆண்டு வந்த இன்னோர் ஆய்வு, மக்காவ் கிளியின் வால்நட் அளவு மூளையின் முன்பகுதியில், எலுமிச்சை அளவு மூளையுள்ள மக்காக் குரங்குக்கு இருப்பதைவிட நரம்பணுக்கள் அதிகம் என்று எண்ணிச் சொன்னது.

மனிதப் பேச்சுக்காகவா இயற்கை இதையெல்லாம் கொடுத்தது? காட்டில் கிளிக்கு மனிதனோடு என்ன வேலை! வெனிசுலாவில் சிறு பச்சைக்கிளிகளைப் பார்த்துவந்த கார்ல் பெர்க் குழுவினர் 2011-ல் ஒரு விடையைத் தந்தார்கள். கூட்டுக்குள் இருக்கும் குஞ்சு ஒவ்வொன்றையும் பெற்றோர் தனித்தனி ஒலியால் கூப்பிடுகிறார்கள். குஞ்சு அதைக் கொஞ்சம் மாற்றித் தனதாக்கிக்கொள்கிறது. முட்டைகளைக் கூடு மாற்றி வைத்தபோது, குஞ்சுகளின் ஒலி வளர்த்த பெற்றோருடையதைப் போலவே இருந்தது. பெற்றவர்களுடையதை ஒத்ததாக இல்லை. பெயர் ரத்தத்தில் வருவதில்லை, கூப்பிட்டு வருவது.

கூட்டம்தான் கிளியின் வாழ்க்கை. தன் கூட்டத்தாரின் குரலைக் கற்றுத் திருப்பிச் சொல்வது, நான் உங்களோடு இருக்கிறேன் என்று அது சொல்லும் வழி. ஆப்பிரிக்கக் காட்டிலிருந்து பிடித்த சாம்பல் கிளியை நாடு விட்டு நாடு விற்பதற்கு, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் மாநாடு 2016-ல் தடை விதித்தது. பேசும் கிளி வேண்டும் என்ற ஆசையே அந்தக் காடுகளைக் காலி செய்துகொண்டிருந்தது. நம் ஊரிலும் பொந்திலிருந்து குஞ்சாகவே எடுத்து, சிறகை வெட்டி, கூண்டில் தனியாக வைத்தால், அந்தப் பச்சைக்கிளிக்கு மிஞ்சும் கூட்டம் அந்த வீட்டார் மட்டும். "அக்கா, அக்கா" என்று அது கூப்பிடுவதைக் கேட்டு நாம் சிரிக்கிறோம். அது கூட்டத்தைத் தேடுகிறது.

1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி பச்சைக்கிளியை வீட்டில் வளர்ப்பதும் விற்பதும் தண்டனைக்குரிய குற்றம். வைத்திருப்பவர்கள் கூண்டைத் திறந்து வெளியே விட்டுவிடுவதும் தீர்வாகாது. வெட்டிய சிறகு அடுத்த இறகுதிர்வில்தான் முளைக்கும்; அதுவரை பறக்க முடியாத பறவை பூனைக்கும் காக்கைக்கும் இரையாகும். வனத்துறையிடம் ஒப்படைத்தால், சிறகு வளர்ந்து, மற்றக் கிளிகளோடு பழகி, அவற்றின் குரலுக்குப் பதில் குரல் கொடுக்கத் தொடங்கும் வரை அதைக் காப்பாற்ற வழியுண்டு.